கத்திரி வெயிலில் கைக்குழந்தை: அறிகுறியைப் பார்த்துச் செய்ய வேண்டியவை

சித்திரையின் கடைசிப் பத்து நாட்களில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீளும் அக்கினி நட்சத்திரக் காலத்தில், ஒரு வயது நிறையாத குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது. குழந்தைக்கு வந்திருப்பது வெயிலின் சூடா, நோயின் காய்ச்சலா என்பதே அது. இரண்டையும் பிரித்தறிவது பெரியவர்களிடத்தில் எளிது, கைக்குழந்தையிடத்தில் எளிதன்று. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். அதனால் சுற்றுப்புறத்தின் சூடு அதன் உடலுக்குள் விரைவாக ஏறுகிறது. வியர்த்துத் தணித்துக்கொள்ளும் திறன் இன்னும் முழுமை பெறவில்லை. போர்வையை உதைத்துத் தள்ளவும் நிழலுக்கு நகரவும் தண்ணீர் கேட்கவும் அதனால் முடியாது.

ஆகவே அழுகையையோ, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதையோ மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சிறுநீர் எத்தனை முறை போகிறது, பால் எப்படிக் குடிக்கிறது, விழித்திருக்கும்போது எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்ற மூன்றும்தான் நம்பத்தக்கவை. கீழே வரும் அறிகுறிகள் ஒவ்வொன்றிலும் இம்மூன்றையே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவசரமானது முதலில் வருகிறது.

குழந்தை துவண்டு கிடக்கிறது. எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை. அல்லது வலிப்பு வருகிறது

வெயிலிலோ புழுக்கமான அறையிலோ பூட்டிய வண்டியிலோ இருந்த குழந்தைக்கு இது நேர்ந்தால், வேறொன்று நிரூபணமாகும்வரை அதை வெப்பத் தாக்காகவே கொள்ள வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டோ தாண்டியோ இருக்கலாம். ஆனால் தெர்மாமீட்டரைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. ஒருவர் 108 ஐ அழைக்கும்போதே இன்னொருவர் குழந்தையின் உடைகளை முழுவதும் கழற்றி, நிழலான இடத்தில் கிடத்தி, தலை முதல் கால் வரை தண்ணீரால் நனைத்து, விசிறியோ மின்விசிறியோ கொண்டு காற்றுப் படச் செய்ய வேண்டும். ஈரம் காயக் காய மீண்டும் நனைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரையும் வண்டிக்குள்ளும் இதை நிறுத்தக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மே மாத நண்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அவசரத்தில் குழந்தையை நேராகக் குழாயடியில் பிடித்தால் தோல் வெந்துபோகலாம். முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். வாளியிலோ குடத்திலோ பிடித்து வைத்த நீர் இருந்தால் அதுவே நல்லது. பனிக்கட்டி மிதக்கும் நீரும் வேண்டாம்; தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, நடுக்கம் எடுத்து, உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவது தடைப்படலாம்.

முழு நினைவில்லாத குழந்தையின் வாயில் பாலோ தண்ணீரோ மருந்தோ ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல் இருக்க வேண்டும். பாராசிட்டமால் இந்த நிலையில் பயன்படாது. காய்ச்சலின்போது மூளையே வெப்ப அளவைக் கூட்டி வைத்திருக்கிறது, மருந்து அதைக் குறைக்கிறது. வெப்பத் தாக்கிலோ வெளியிலிருந்து ஏறிய சூட்டைத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

உடம்பு கொதிக்கிறது, ஆனால் குழந்தை விழிப்பாக இருக்கிறது

கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உடல் சூடாக இருக்கும்போதும் அவை குளிர்ந்திருக்கக் கூடும். பிடரியையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். அங்கே சூடும் வியர்வையும் தெரிந்தால் முதலில் குழந்தை எதில் சுற்றப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். மே மாதத்தில் கம்பளித் தொப்பி, காலுறை, கையுறை, அதற்கு மேல் பூந்துவாலை என்று சுற்றப்பட்ட குழந்தைகளை நம் ஊர் மருத்துவமனை வாசல்களில் எளிதாகக் காணலாம். சளி பிடித்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். சளியை உண்டாக்குவது கிருமியே தவிரக் காற்று அன்று. கோடையில் அந்த உறை குழந்தையின் உடலிலிருந்து சூடு வெளியேறும் வழியைத்தான் அடைக்கிறது. தலை வழியாகக் கணிசமான சூடு வெளியேறுவதால், வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றிவிடுவதே முதல் வேலை.

பிறகு டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து அளக்க வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால், அது வெயிலால் என்று நாமே தீர்ப்பளிக்கக் கூடாது. உறைகளைக் கழற்றிவிட்டு அப்படியே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அந்த வயதில் இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்றும் இதே முகத்தோடுதான் தொடங்குகிறது.

அதற்கு மேற்பட்ட வயதுள்ள குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால், ஒரே ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு காற்றோட்டமான இடத்தில் வைத்து, பால் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு இயல்புக்குத் திரும்பி, குழந்தையும் வழக்கம்போல் விளையாடினால் சுற்றுப்புறச் சூடே காரணமாக இருந்திருக்கலாம். இறங்காவிட்டாலோ, 38 டிகிரிக்கு மேல் நின்றாலோ அதைக் காய்ச்சலாகவே கருதி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சல் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. நம் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லி லிட்டருக்கு 100 மில்லி கிராம் இருக்கிறது; சிரப்பிலோ 5 மில்லி லிட்டருக்கு 120 அல்லது 125 அல்லது 250 மில்லி கிராம். மூத்த பிள்ளைக்கு வாங்கிய புட்டியிலிருந்து இளையதற்கு உத்தேசமாக ஊற்றிக் கொடுப்பது ஆபத்தானது. எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அவர் பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

சிறுநீர் குறைந்துவிட்டது, மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறக் கறையாகவோ வருகிறது

பிறந்து ஒரு வாரம் கடந்த குழந்தை இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். டயப்பர் போட்டிருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு தவறிவிடுகிறது; உறிஞ்சும் பொருள் ஈரத்தை மறைத்துவிடுவதால் எத்தனை முறை போயிற்று என்றே தெரிவதில்லை. கோடையில் பகல் வேளையிலாவது துணியைக் கட்டிவிடுவது இருவகையிலும் நல்லது: இடுப்புக்குக் காற்று கிடைக்கும், நமக்குக் கணக்கு கிடைக்கும்.

எண்ணிக்கை குறைந்திருந்தால் கூடவே வாயின் உட்புறத்தையும் உச்சிக்குழியையும் பாருங்கள். நாக்கு உலர்ந்திருப்பது, அழும்போது கண்ணீர் வராதது, அமைதியாக நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்புவது ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குக் கண்ணீர் இயல்பாகவே வராது என்பதால் அந்த ஓர் அடையாளத்தை மட்டும் அவ்வயதில் தள்ளிவிடலாம். கிள்ளிய தோல் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் எடுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லாவிட்டாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. உச்சிக்குழி விழுந்துவிட்டது என்று எண்ணெய் வைத்து எழுப்புவதும், குடல் ஏற்றம் என்று தட்டச் சொல்வதும், தொக்கம் எடுக்கக் கூட்டிச் செல்வதும் இந்த நேரத்தில் விலைமதிப்பற்ற மணி நேரங்களைத் தின்றுவிடுகின்றன. குழி உள்வாங்கியது உடலில் நீர் குறைந்ததால். நீர் ஏறினால்தான் அது மேலே வரும்.

அந்த நீர் எதிலிருந்து வர வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தடுமாறுகின்றன. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெந்நீரோ சர்க்கரைத் தண்ணீரோ இளநீரோ கிரைப் வாட்டரோ தேவையில்லை. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு அளவுக்குத் தண்ணீர்தான் இருக்கிறது. குழந்தை அடிக்கடி, குறுகிய நேரம் குடித்துவிட்டு விலகினால் அது பால் பற்றாக்குறை அன்று, தாகம் தணித்துக்கொள்கிறது. சிறிய வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிப்பது குறையும், பால் சுரப்பும் குறையும், அசுத்த நீரானால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். பால் பவுடர் கொடுக்கப்படும் குழந்தைக்கு, வெயில்தானே என்று கூடுதல் நீர் ஊற்றிக் கரைப்பது இன்னும் மோசம். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்பே வரக்கூடும்.

தாய்க்கோ தாராளமாகத் தண்ணீர் வேண்டும். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், சீதளம் பிடிக்கும் என்று சொல்லி, பத்தியத்தின் பெயரால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தம்ளரோடு நிறுத்திவிடும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. மார்கழியில் அதைத் தாங்கிக்கொள்ளும் உடல் கத்திரியில் தாங்காது. வீட்டுப் பெரியவர்களிடம் வாதிடத் தயங்கும் மருமகள்கள் மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கொண்டு சொல்ல வைக்கலாம். அதில் தவறேதும் இல்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரோ நீர்மோரோ இருக்கட்டும்.

ஆறு மாதம் கடந்த, இணையுணவு தொடங்கிய குழந்தைக்கு மட்டும் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை, பாலுக்கு இடையில், தம்ளரிலோ கரண்டியிலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஒரு வயது வரை எதிலும் தேன் சேர்க்கக் கூடாது.

பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காய்ச்சலும் மஞ்சள் நிறமும் தெரிகின்றன

தாய்க்குப் பால் இன்னும் நன்றாக இறங்காத இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரையுள்ள இடைவெளியில், சூடான அறையில் இருக்கும் பச்சிளங்குழந்தைக்கு நீர் குறைந்தே காய்ச்சல் வருவதுண்டு. எடை வேகமாக இறங்கும். மஞ்சள் காமாலையும் கூடும். முதல் வாரத்தில் பிறந்த எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைவது இயல்பு. அதைத் தாண்டினால் பால் போதவில்லை என்று பொருள். ஆனாலும் இதை வீட்டிலிருந்து உறுதி செய்ய வழியில்லை. எடை பார்க்கவும் இரத்தத்தில் சோடியத்தையும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினையும் சோதிக்கவும் மருத்துவமனையால்தான் முடியும்.

மஞ்சள் இறங்க வெயிலில் காட்டுவது என்ற வழக்கம் இங்கே இரட்டைத் தீங்காகிறது. மருத்துவமனையில் கொடுக்கப்படும் ஒளிச் சிகிச்சை, குறிப்பிட்ட நீல ஒளியை அளவோடு பாய்ச்சுவது. மே மாதக் காலை வெயில் அதற்கு மாற்றாகாது. குழந்தை சூடேறி மேலும் நீரை இழக்கும், காமாலையும் அங்கேயே இருக்கும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இளங்குழந்தை ஒரு நாளில் பலமுறை கடுகு நிறத்தில் தளர்வாக மலம் கழிப்பது நோயன்று. வழக்கத்தைவிட நீர்த்துப்போய், எண்ணிக்கையும் சட்டென்று கூடினால்தான் வயிற்றுப்போக்கு. கோடையில் இதன் ஊற்று பெரும்பாலும் புட்டிப்பால்தான். கரைத்த பால் பவுடரை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்தை உடனே கொட்டிவிட வேண்டும். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை நான்கு மணி நேரம் வெளியே வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்கானது. நண்பகலில் 34, 35 டிகிரி இருக்கும் நம் சமையலறைக்குப் பொருந்தாது. எடுத்தவுடன் குளிர்பெட்டியில் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

போக்கு தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்தாமல், கூடவே ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்று வந்துவிட்டால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் மருத்துவர் சொல்லும் அளவில் இதைக் கொடுக்கலாம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும்; பாதிப் பொடியைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் போட்டால் உப்பு மிகுந்து நீரிழப்பு மோசமாகும். சிறு அளவு வேண்டுமானால் 200 மில்லி லிட்டருக்கான பொட்டலமே கிடைக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை, கரண்டி கரண்டியாக, நிதானமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலமும், இரண்டு வாரம் கொடுக்க வேண்டிய துத்தநாக மாத்திரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். அவற்றின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரிக்கப்பட்டது என்று உறையில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மலத்தில் இரத்தம் தெரிந்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், சிறுநீர் பற்றிய பகுதியில் சொன்ன நீரிழப்பின் அடையாளங்கள் தோன்றினாலும் உடனே மருத்துவமனை.

கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவந்த பொரிகள்

வேர்க்குருதான். வியர்வை நாளங்கள் அடைபடுவதால் வருவது. தோலைக் குளிர்வித்து உலர்வாக வைத்தால் சில நாட்களில் தானே மறையும். அடைப்புதான் காரணம் என்னும்போது அதன் மேல் எண்ணெயைத் தடவுவதும் முகப்பவுடரை அப்புவதும் அடைப்பைக் கூட்டவே செய்யும். பவுடர் தூளைக் குழந்தை மூச்சில் இழுத்துவிடும் ஆபத்தும் உண்டு. நாளுக்கு இருமுறை வெறும் தண்ணீரில் துடைத்து, மடிப்புகளை ஒற்றி உலர்த்தினாலே போதும். நுங்கு நீரைத் தடவுவது குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிசுபிசுப்பைக் கழுவிவிட வேண்டும். எண்ணெய்க் குளியலும் அதன் பின் மூடிய அறையில் சாம்பிராணிப் புகையும் இந்த மாதத்துக்கு வேண்டாம். பொரிகளில் சீழ் கோத்தாலோ வேனல் கட்டியாக வீங்கினாலோ காட்ட வேண்டும்.

இரவெல்லாம் தூங்காமல் அழுகிறது

பசியும் ஈரத்துணியும் இல்லையென்றால் அறையைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கான மருந்து ஊருக்கு ஊர் மாறும். வேலூர், கரூர், திருச்சி போன்ற உள்மாவட்டங்களில் காற்று உலர்ந்திருப்பதால், சன்னலில் நனைத்த துணியைத் தொங்கவிடுவதும் ஏர் கூலரும் நன்றாகப் பயன் தரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அதே உத்தி புழுக்கத்தைக் கூட்டி வேர்க்குருவை வளர்க்கும். அங்கே எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுவதுதான் வழி. கூலரை எங்கே வைத்தாலும் ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும்.

தகர அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். கூரைமேல் நனைத்த சாக்கைப் பரப்புவதும், வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும் உதவும். முடிந்தால் நண்பகல் பொழுதை மட்டுமாவது குழந்தையோடு கான்கிரீட் வீட்டிலோ மரத்தடியிலோ கழிப்பது அதைவிடச் சிறந்தது. அறையின் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது மின்விசிறி மட்டும் உதவாது. அது அனல் காற்றையே உடலில் வீசும். அப்போது ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டுத்தான் விசிறியைப் போட வேண்டும். ஏ.சி. இருந்தால் 25, 26 டிகிரியில், காற்று நேராகக் குழந்தை மேல் படாமல் வைக்கலாம். ஏ.சி. காற்று குழந்தைக்கு ஆகாது என்பதில் உண்மையில்லை.

தூளியைக் கவனியுங்கள். பழைய பருத்திப் புடவையில் கட்டிய தூளிக்குள் காற்று புகும். நைலான், பாலியெஸ்டர் புடவையில் கட்டினால், அதுவும் இருபுறமும் மூடிக்கொள்ளும்படி ஆழமாகக் கட்டினால், உள்ளே வெளியறையைவிடச் சூடு தேங்கும். ஆழ்ந்த தூக்கத்தில் குழந்தை அதிகமாகச் சூடேறுவது திடீர் மரணத்தோடு தொடர்புடைய காரணிகளில் ஒன்று. கோடை இரவுகளில் தரையில் பாய் விரித்து, மல்லாக்கப் படுக்க வைப்பதே என் பரிந்துரை.

பயணத்தில் முகம் சிவந்து அழுகிறது

குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் பள்ளி விடுமுறையை ஒட்டியே வைக்கப்படுவதால், ஆண்டின் மிகக் கொடிய வெயிலில்தான் கைக்குழந்தைகள் மிகத் தொலைவு பயணிக்கின்றன. முடியிறக்கிய தலை நேர் வெயிலில் படக் கூடாது. நேரத்தை விடியற்காலைக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். 11 மணி முதல் 3 மணி வரை சாலையில் இருக்க வேண்டாம். இருசக்கர வண்டியில் முகத்தை மூடித் துவாலையால் சுற்றுவது மூச்சையும் காற்றையும் சேர்த்தே அடைக்கிறது. நிழலான இடத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, பால் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் துவளத் தொடங்கினால் முதல் பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுச் செல்லக் கூடாது. முதல் பத்து நிமிடத்திலேயே உள்வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நேர்வதில்லை.

எந்த அறிகுறிக்காக மருத்துவமனைக்குப் போனாலும், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், வீட்டில் அளந்த வெப்பம், கொடுத்த மருந்தின் பெயரும் அளவும் ஆகிய நான்கையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள். போகும் வழியில் ஆலோசனை தேவைப்பட்டால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம். ஆனால் நிமிடத்துக்கு மூச்சு 60 ஐத் தொடும் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும், 50 ஐத் தொடும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் நேராகப் போக வேண்டும். மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும்; கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கைக்குழந்தையிடத்தில் கணக்கு தவறிவிடும்.